மண்டபத்தை மாற்ற வேண்டாம், பவித்ரா

என் மகள் பவித்ராவுக்கு, ஊரிகத்திலிருந்து அப்பா.

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கொஞ்சம் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பத்திரிகை அடித்து நம் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது, பாதிப்பேர் புதுத்துணியும் எடுத்துவிட்டார்கள். இப்போது வந்து, "ப்பா, ராபர்ட்சன்பேட்டை மண்டபம் மாடியில இருக்குது. படி வேற செங்குத்தா இருக்குது. கீழயே ஹால் இருக்கிற மண்டபமா பாத்து மாத்திடலாமா?" என்று கேட்டால் என்ன செய்வது? "எனக்கு ஒன்னும் இல்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை தொண்டை வரை வந்ததும்தான் போனைக் கை மாற்றினேன். அதை இனிமேல் நான் சொல்லக் கூடாது. ஏன் என்பது உனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து இரண்டு கேள்வி கேட்டு என்னை மடக்கிவிடுவாய். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கல்யாணம் முடிந்ததும் நீ மைசூருக்குப் போய்விடுவாய். "நான் போயிட்டா டாக்டர்கிட்ட யாரும்மா உண்மையைச் சொல்றது?" என்று போன மாதம் நீ அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. விழாமல் இருக்க இது என்ன அரண்மனையா? லைன் வீட்டில் அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும். மண்டபத்துப் படி உனக்கு ஒரு சாக்கு. இந்த ஆளை அவர் உடம்பை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நம்பி விட்டுவிட்டுப் போகலாமா என்பதுதான் உன் கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று முதலில் தெரிந்தபோது நீ காலேஜில் சேர்ந்த புதிது. தங்கச் சுரங்கம், நம் மைன்ஸ், மூடிய பிறகு பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். சோர்வாக இருக்கிறது என்று ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் கண்டபடி ஏறிக் கிடந்தன. அம்மா அழுது ஊரைக் கூட்டினாள். நான் அழவில்லை, ஆனால் சோறு இறங்கவில்லை. டாக்டர் அம்மா எவ்வளவோ பொறுமையாக, இது நாள்பட்ட வகை, இதற்கென்றே குறிபார்த்துப் போய் வேலை செய்யும் மாத்திரை இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அன்று ரயிலில் நீதான் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கேட்டாய்: "ப்பா, மைன்ஸ்ல ஆளை ஏத்தி இறக்கற கேஜ்ல மணிக்கயிறு எங்கனா மாட்டிக்கினு மணி அடிச்சிக்கினே இருக்குதுன்னு வெச்சிக்கோ. மேலருந்து கேஜை இழுக்கற வைண்டர் ஓட்டுறவரு இன்னா பண்ணுவாரு?" நான் சொன்னேன், "இன்னா பண்ணுவான், இழுத்துக்கினே இருப்பான். அவனுக்கு மணிதானே கணக்கு." நீ உடனே, "அதேதான். உன் எலும்புக்குள்ள அந்த மாதிரி ஒரு மணி மாட்டிக்கினு அடிக்குது. அதைக் கேட்டு வெள்ளை அணு வந்துக்கினே இருக்குது. இந்த மாத்திரை நேராப் போயி அந்தக் கயித்தைப் புடிச்சிக்கும். வேற எதையும் தொடாது" என்றாய். நிலத்துக்கடியில் வருடக்கணக்காக கேஜில் ஏறி இறங்கியவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுக்கு வந்து முதல் மாத்திரையைப் போட்டேன், சோறும் சாப்பிட்டேன்.

அந்த முதல் மாத்திரை, இமாட்டினிப், என்னைப் பல வருஷம் காப்பாற்றியது. அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கிவிடும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வயிறும் அடிக்கடி தகராறு செய்யும். ஆனால் நீ பட்டம் வாங்கியதைப் பார்த்தேன், வேலைக்குப் போனதைப் பார்த்தேன். பிறகு போன வருஷம், ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் பி.சி.ஆர். பரிசோதனையில் எண் மெல்ல ஏற ஆரம்பித்தது. மாத்திரையை விட்டுவிட்டேனா என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, "அவரு உடுவாருங்க டாக்டர், நான் உடமாட்டேன்" என்றாள். அப்படியானால் நோய் இந்த மாத்திரைக்குப் பழகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். மரபணுவில் என்ன மாற்றம் என்றும் பரிசோதித்துப் பார்த்தார்கள். அடுத்து உள்ள மூன்று மருந்துகளில் எதற்கும் தடையில்லை என்று வந்தது. "மூணுமே வேலை செய்யும். உங்க உடம்புக்கும் வீட்டுக்கும் எது ஒத்து வரும்னு ஒரு வாரம் பேசிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

அந்த ஒரு வாரம் நீ செய்த அமர்க்களத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்று மருந்தையும் படித்தாய், இதே நோய் உள்ளவர்களிடம் போனில் பேசினாய். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னாய். டாசாட்டினிப் என்பது நாளுக்கு ஒரு தடவை, சாப்பிட்டும் போடலாம் சாப்பிடாமலும் போடலாம், ஆனால் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும். நிலோட்டினிப் வெறும் வயிற்றில் இரண்டு வேளை, போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து போட்டு ஒரு மணி நேரம் வரைக்கும் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது, சர்க்கரையையும் இதயத்தையும் கண்காணிக்க வேண்டும். போசுட்டினிப்பில் அதெல்லாம் குறைவு, ஆனால் வயிற்றைக் கலக்கும். "பெங்களூர் ரயில்ல கக்கூஸ் கதவு இன்னா நெலமைல இருக்குதுன்னு உனக்கே தெரியும்ப்பா" என்றாய். ஏற்கெனவே வயிறு சரியில்லாத ஆளுக்கு அது வேண்டாம் என்று அதை அப்போதே ஓரமாக வைத்தோம். இன்னும் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆக இரண்டில் ஒன்று.

யாரும் செய்யாத வேலையை நீ அப்போது செய்தாய். மாத்திரையே இல்லாமல் ஒரு நாள் முழுக்க நிலோட்டினிப் சாப்பிடுகிறவன் மாதிரி என்னை இருக்கச் சொன்னாய். மாத்திரைக்குப் பதில் வெறும் தண்ணீர். "முடியுதான்னு பாத்துடலாம்ப்பா. மருந்து வாங்கினப்புறம் முடியலன்னு சொல்லக் கூடாது பாரு." காலையில் டீ இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா சமையலை முன்னே பின்னே தள்ளி, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனாள். சாயங்காலம் எதிர் லைனில் ஒரு வளைகாப்பு. போன இடத்தில் சூடாக டீயை நீட்டினார்கள், நான் பேச்சுவாக்கில் வாங்கிக் குடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வாயருகே முகர்ந்து பார்த்து, "ஃபெயில்" என்றாய். எனக்கு மானமே போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எனக்கு டாசாட்டினிப்தான். ஒரே மாத்திரை, எப்போது வேண்டுமானாலும் டீ. இந்தப் பெண் என்னைப் பட்டினி போட்டுச் சித்திரவதை செய்ய வேண்டியதில்லை.

அந்த முடிவோடுதான் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஒரு வேளை மாத்திரையே குடுத்துடுங்க டாக்டர்" என்றேன். அவருக்கும் அது சரி என்றுதான் பட்டது. எழுதுவதற்கு முன் கேட்டார்: "நுரையீரல்ல ஏதாவது பிரச்சினை உண்டா? மூச்சு வாங்குமா?" நான் யோசிக்கவே இல்லை. "ஒன்னும் இல்லீங்க டாக்டர்" என்று வாய் தானாகச் சொன்னது. பவித்ரா, உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. நந்திதுர்க் மைன்ஸில் நெஞ்சைச் சோதிக்கும் நாள் வந்தால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். தூசி பிடித்திருக்கிறது என்று எழுதிவிட்டால் கீழே இறக்கமாட்டார்கள், மேலே ஏதாவது லேசான வேலையில் போட்டுவிடுவார்கள். ஷிஃப்ட் ஆட்களுக்கு அது பெரிய அவமானம். டாக்டர் கையில் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயைப் பார்த்தாலே ஒன்னும் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆகியும் என் வாய் இன்னும் அதே ஷிஃப்டில்தான் இருந்தது. மேலும் இந்த ஊரில் மேடு ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்கவில்லை? எல்லோருக்கும் இருப்பதை நோய் என்று எப்படி நினைப்பது?

நீ அப்போது, "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாய். "எங்கப்பா இல்லன்னுதான் சொல்லுவாரு. வேற மாதிரி கேளுங்க. எங்கப்பா நடந்துக்கினே பேசமாட்டாரு. எங்க லைன்ல மைன்ஸ்ல வேலை பாத்தவங்க யாருமே நடந்துக்கினே பேசமாட்டாங்க. நின்னுதான் பேசுவாங்க. வழியில யாரு வாசல்லனா நின்னு, இன்னா சௌக்கியமா, புள்ள இன்னா படிக்குதுன்னு விசாரிப்பாங்க. பாக்கறவங்க மரியாதைன்னு நெனைப்பாங்க. அது மூச்சு வாங்கறதுக்கு டாக்டர்." டாக்டர் பேனாவை மூடிவிட்டார். நான் உன்னை எரித்துவிடுவது போலப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. மருந்து எழுதுவதற்கு முன் எக்ஸ்ரே எப்படியும் எடுக்கச் சொல்லியிருப்பேன், ஆனால் இது தெரிந்ததால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று சொல்லி, டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேனில் இரண்டு பக்கமும் பழைய தூசியின் வடு. ஏற்கெனவே கெட்டிப்பட்டுப் போன நெஞ்சைச் சுற்றி நீர் கட்டினால் உங்களுக்குத் தாங்காது, டாசாட்டினிப் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். இன்னொருவருக்கு அதே மருந்து உயிர் கொடுக்கும், எனக்கு அது சரிப்படாது. இதயத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்துவிட்டு நிலோட்டினிப்பே எழுதினார்.

அன்று ரயிலில் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் நின்று பேசுவதன் ரகசியத்தை நீ வெளியே போட்டு உடைத்துவிட்டாய் என்றுதான் கோபம். அந்த ரகசியம் எங்களுக்கே முழுசாகத் தெரியாது, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஊரிகத்தில் இறங்கி வீட்டுக்கு மேடு ஏறினோம். நான் வழக்கமாக நிற்கிற குழாயடி வருவதற்குச் சற்று முன்னால் நீ நின்றாய். குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டாய். வார் நன்றாகத்தான் இருந்தது. நானும் நின்றேன், மூச்சு சீராகிற வரை நீ அந்த வாரை விடவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட காலத்திலிருந்து இந்த மேட்டில் உன் செருப்பு அறுந்துகொண்டேதான் இருக்கிறது. "ஒழுங்கா ஒரு செருப்பு போடத் தெரியுதா உனக்கு? எப்ப பாத்தாலும் நின்னுக்கினே" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அப்பாவுக்கு நின்று பேச ஆள் கிடைக்காத நாட்களில், அவர் நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று, அந்தச் சின்ன வயசிலேயே உனக்குத் தோன்றியிருக்கிறது. நடுரோட்டில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொன்னேன். நீயும் நம்பியது போல இருந்தாய்.

என் வாழ்க்கையில் பெருமைப்பட எனக்கு அதிகம் ஒன்றும் இல்லை. தங்கம் எடுத்த ஊரில் வேலை பார்த்தேன், ஒரு குண்டுமணி என் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் நான் உன் அப்பா என்று சொல்லிக்கொள்ளும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நீ படித்ததற்காகவோ சம்பாதிப்பதற்காகவோ சொல்லவில்லை. மூன்று மருந்தை ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தவள், மருந்தைப் படித்தது போலவே அதைச் சாப்பிடப் போகிறவனையும் படித்தாய். என் டீயையும் என் நடையையும் என் வாயில் தானாக வரும் பொய்யையும் சேர்த்து எடைபோட்டாய். அப்பா கோபித்துக்கொள்வார் என்று தெரிந்தும் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தாய். எனக்குப் பயந்து நீ அன்று பேசாமல் இருந்திருந்தால் உன் கல்யாணத்தைப் பார்க்க இப்படித் தெம்பாக இருந்திருப்பேனோ என்னவோ.

இப்போது நீ புது வீட்டுக்குப் போகிறாய், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த "ஒன்னும் இல்ல" என்ற வார்த்தையை நான் உனக்கும் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். எனக்காக ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் ஒரு நாளாவது களைப்பாக இருக்கிறது என்று சொன்னாயா? ரயிலில் நின்றுகொண்டே தூங்கி வருவாய், அம்மா கேட்டால் "ஒன்னும் இல்லம்மா" என்பாய். மாப்பிள்ளை நல்ல மனுஷர், கேட்கிற காது உள்ளவர். அவரிடம் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். அவர் சொல்லாமல் விடுவதை நீ கண்டுபிடித்துவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ சொல்லாததைக் கண்டுபிடிக்க உன்னைப் போல இன்னொருத்தி அந்த வீட்டில் இருக்கமாட்டாள். அதனால் நீயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இதை நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டேன், நீ சீக்கிரம் கற்றுக்கொள்.

நான் கற்றுக்கொண்டேனா என்றுதானே உன் கேள்வி? கேள். நீ மைசூரில் புது ஆபீசைப் பார்க்கப் போயிருந்த அன்று நானும் அம்மாவும் டாக்டரிடம் போனோம். உன்னிடம் எதையும் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவளும் எப்படியோ இத்தனை நாள் வாயை அடக்கிவிட்டாள். டாக்டர் வழக்கம்போலக் கேட்டார், மூச்சு எப்படி இருக்கிறது என்று. பக்கத்தில் நீ இல்லை. ஒன்னும் இல்லை என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் சொன்னேன், "ஸ்டேஷன்லருந்து இங்க வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல நின்னேன் டாக்டர். பேசறதுக்கு இல்ல. மூச்சு வாங்கத்தான்." அம்மா திரும்பி என்னை வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வெளியே வந்ததும், "இன்னாங்க, இம்மாம் வருஷம் எங்கிட்ட கூட சொன்னது இல்ல" என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நெஞ்சுக்கென்று தனியாக ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டேன், மூச்சோடு உள்ளே உறிஞ்சும் மருந்து ஒன்று கொடுத்திருக்கிறார், மேட்டில் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

இன்னொன்று. அன்று கொடுத்த ரத்தத்தின் பி.சி.ஆர். முடிவு நேற்று மதியம் வந்தது, நீ போன் செய்வதற்கு முன்னாலேயே. எண் இறங்கியிருக்கிறது, பவித்ரா. டாக்டர் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. இப்படியே போகட்டும், மாத்திரையை மட்டும் நேரம் தவறவிடாதீர்கள் என்றார். தவறவிட அம்மா விடுவாளா? அவள் போனில் வைத்திருக்கும் அலாரம் அடித்தால் எதிர் லைன்காரர்களே டீயை மறைத்து வைக்கிறார்கள். நேற்றே இதை உன்னிடம் கத்திச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியாது.

அதனால் மண்டபத்தை மாற்ற வேண்டாம். அன்றைக்கு நீயும் நானும் சேர்ந்தே அந்தப் படியை ஏறுவோம். பாதியில் நான் நிற்பேன். எதிரே வருகிற யாரையும் சௌக்கியமா என்று விசாரிக்கப் போவதில்லை, மூச்சு வாங்கத்தான் நிற்பேன். சொந்தக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும், மேளக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்கட்டும். நீ குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருக்காதே, முகூர்த்தப் புடவை கசங்கிவிடும். நிமிர்ந்து என் பக்கத்தில் நில்.

உன் அப்பா